செலவாகாத எரிபொருள்

நியூயார்க் நகரின் ப்ராங்ஸ் பகுதியில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனை ஒன்று உண்டு. அங்கே ரோசலின் யாலோ என்ற இயற்பியலாளரும் சாலமன் பெர்சன் என்ற மருத்துவரும் சேர்ந்து, ரத்தத்தில் ஓடும் இன்சுலினை அளக்க ஒரு வழி கண்டார்கள். கதிரியக்க அயோடின் ஏற்றிய இன்சுலினையும், இன்சுலினைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளையும் வைத்துச் செய்யும் சோதனை அது. அதைக்கொண்டு அளந்த முடிவுகள் 1960இல் வெளிவந்தன. சர்க்கரை நோய் என்றால் இன்சுலின் குறைவு என்றே அதுவரை பெரும்பாலான மருத்துவர்கள் நம்பியிருந்தார்கள். நடு வயதில் சர்க்கரை வந்தவர்களின் ரத்தத்தை அளந்து பார்த்தால், பலருக்கு இன்சுலின் தாராளமாக இருந்தது. நோயில்லாதவர்களுக்கு இருந்ததைவிடக் கூடுதலாகவும் இருந்தது. இன்சுலின் வேண்டிய மட்டும் சுரக்கிறது, சர்க்கரை மட்டும் இறங்கவில்லை.

லண்டன் மருத்துவர் ஹரால்ட் ஹிம்ஸ்வொர்த் இதை 1936இலேயே மோப்பம் பிடித்திருந்தார். நோயாளிகளுக்குக் குளுக்கோஸைக் குடிக்கக் கொடுத்து, அதே வேளையில் இன்சுலினையும் ஊசியில் ஏற்றிப் பார்த்தார். சிலருக்கு ரத்தச் சர்க்கரை அடங்கி நின்றது. சிலருக்கு இன்சுலின் போட்டதாகவே தெரியாமல் ஏறிக்கொண்டே போனது. உடல் இன்சுலினுக்கு மசியாத நிலை ஒன்று உண்டு என்று அவர் எழுதினார். அளக்கக் கருவி இல்லாத காலம். அந்தக் கருத்து கால் நூற்றாண்டு காத்திருந்தது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரால்ட் ரீவன் இதைப் பல ஆண்டுகள் விடாமல் துருவினார். 1988இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் பாண்டிங் சொற்பொழிவில், இன்சுலினுக்கு மசியாத உடலில்தான் உயர் ரத்த அழுத்தமும், ஏறிய டிரைகிளிசரைடும், இறங்கிய எச்டிஎல்லும், இதய நோயும் கூடிவருகின்றன என்று காட்டி, அந்தக் கூட்டத்துக்கு ‘சிண்ட்ரோம் எக்ஸ்’ என்று பெயர் வைத்தார். இன்று அதை மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்கிறோம். ஐந்து அளவுகளில் மூன்று எல்லை தாண்டினால் ஒருவருக்கு அது இருக்கிறது என்று கணக்கு. தெற்காசியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களில் 90 செ.மீ., பெண்களில் 80 செ.மீ.; டிரைகிளிசரைடு 150; எச்டிஎல் ஆண்களுக்கு 40க்கும் பெண்களுக்கு 50க்கும் கீழே; ரத்த அழுத்தம் 130/85; வெறும் வயிற்றுச் சர்க்கரை 100.

நம் ஊரில் இவற்றை ஐந்து தனித்தனி நோய்களாகவே நடத்துகிறோம். பிரஷருக்கு ஒரு மாத்திரை, சுகருக்கு ஒன்று, கொலஸ்ட்ராலுக்கு ஒன்று. ஸ்கேனில் ஃபேட்டி லிவர் என்று வந்தால் ‘இப்போது எல்லோருக்கும் இருப்பதுதானே’ என்று ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிடுகிறோம். தொப்பையை நோய்க் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஆனால் செல்லுக்குள் இறங்கிப் பார்த்தால் ஐந்தும் ஒரே நிலைமையிலிருந்து கிளம்புவது தெரியும். எரிபொருள் வந்துகொண்டே இருக்கிறது. அதைச் செலவழிக்கும் வேலை நடக்கவில்லை. இந்த அத்தியாயம் முழுக்க அந்த ஒன்றைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் செலவு எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். சாப்பிட்ட சோற்றை எந்தச் செல்லும் நேரடியாக வேலைக்குப் பயன்படுத்துவதில்லை. இதயத் துடிப்பானாலும் கண் சிமிட்டலானாலும் உடலில் பெரும்பாலான வேலைகளுக்கு நேரடி எரிபொருள் ஏடிபி என்ற ஒரே மூலக்கூறுதான். அதன் மூன்று பாஸ்பேட்டுகளில் கடைசி ஒன்று பிரியும்போது கிடைக்கும் ஆற்றலில்தான் உயிர் ஓடுகிறது. பிரிந்தபின் மிஞ்சுவது அடினோசின் டைபாஸ்பேட். இங்கே அதை டைபாஸ்பேட் என்றே அழைப்போம்.

ஏடிபியைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் சென்னையில் மருத்துவம் படித்தவர் என்பதை நம் பள்ளிப் புத்தகங்கள் இன்னும் உரக்கச் சொல்லியிருக்கலாம். பீமாவரத்தில் பிறந்த எல்லப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர். காந்தியின் அழைப்பைக் கேட்டு அறுவை சிகிச்சை அங்கியையும் கதரில் உடுத்தினார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. முழு எம்பிபிஎஸ் பட்டத்துக்குப் பதில் அதற்குக் கீழான எல்எம்எஸ் சான்றிதழோடு வெளியே வந்தார். பிறகு அமெரிக்கா போய் ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேவுடன் தசையில் உள்ள பாஸ்பரஸை அளந்துகொண்டிருந்தபோது 1929இல் ஏடிபியைப் பிரித்தெடுத்தார்கள். அதே ஆண்டு ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனியாக அதைக் கண்டிருந்தார்.

நம் உடல் ஒரு நாளில் ஏறக்குறையத் தன் எடைக்குச் சமமான ஏடிபியை உண்டாக்கிச் செலவழிக்கிறது. கையிருப்போ எந்த நொடியிலும் சொற்பம். செலவான மூலக்கூறே திரும்பத் திரும்பப் புதுப்பிக்கப்படுகிறது. அந்த வேலை பெரும்பாலும் நடக்கும் இடம் மைட்டோகாண்ட்ரியா.

மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்பது அவசியம். இந்த நோயின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. குளுக்கோஸும் கொழுப்பும் உடைபடும்போது அவற்றிலிருந்து எலக்ட்ரான்கள் உருவப்படுகின்றன. அவை சவ்வில் பதிந்துள்ள புரதங்கள் வழியே கைமாறிக் கைமாறிக் கடைசியில் நாம் சுவாசித்த ஆக்சிஜனைச் சேர்கின்றன. அந்த ஓட்டத்தின் ஆற்றலில் புரோட்டான்கள் சவ்வின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு இறைக்கப்படுகின்றன. சவ்வின் இரு பக்கத்துக்கும் இடையே ஏறக்குறைய 150 மில்லிவோல்ட் அழுத்தம் உருவாகிறது. அடைபட்ட புரோட்டான்கள் திரும்பி வர ஒரு வழி, ஏடிபி சிந்தேஸ் என்ற புரதம். அவை அதன் வழியே பாயும்போது அந்தப் புரதம் உண்மையாகவே சுழல்கிறது. சுழற்சியில் டைபாஸ்பேட்டோடு ஒரு பாஸ்பேட் ஒட்டி ஏடிபி பிறக்கிறது. பிரிட்டனின் பீட்டர் மிட்செல் 1961இல் இந்தப் புரோட்டான் கருத்தைச் சொன்னபோது துறையில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. அவர் கார்ன்வால் பகுதியில் பழைய மாளிகை ஒன்றைப் புதுப்பித்து அங்கேயே ஆய்வுக்கூடம் அமைத்துக்கொண்டார். 1978இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. 1997இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அந்தச் சுழலும் புரதத்தின் மேல் ஒளிரும் இழை ஒன்றை ஒட்டி, அது சுற்றுவதை நுண்ணோக்கியில் கண்ணாரப் பார்த்தார்கள்.

இதில் நாம் பிடித்துக்கொள்ள வேண்டிய சங்கதி ஒன்றுதான். அந்தப் புரதம் சுழல டைபாஸ்பேட் வேண்டும். டைபாஸ்பேட் எங்கிருந்து வரும்? எங்கோ ஏடிபி செலவானால்தான் வரும். கால் நடக்கவில்லை, கை தூக்கவில்லை என்றால் டைபாஸ்பேட் போதுமான அளவு வராது; சுழற்சி மந்தமாகும்; புரோட்டான்கள் அழுத்தத்தோடு தேங்கும்; தேங்கினால் எலக்ட்ரான் ஓட்டமும் முட்டி நிற்கும்; அதற்கும் பின்னால் கொழுப்பும் குளுக்கோஸும் எரியாமல் வரிசையில் நிற்கும். கூடுதலாக உண்டதால் கூடுதலாக எரியும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். செல் அப்படி வேலை செய்வதில்லை. எவ்வளவு செலவோ அவ்வளவே எரியும். முட்டி நிற்கும் எலக்ட்ரான்களில் சில வழி தவறி ஆக்சிஜனோடு சேர்ந்து ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவற்றை உண்டாக்குகின்றன. எரிபொருள் மிஞ்சிவிட்டது என்று செல் தெரிந்துகொள்ளும் அறிகுறிகளில் அதுவும் ஒன்று என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு.

இனி ஒரு மதியச் சாப்பாட்டைப் பின்தொடர்வோம். தட்டில் குவித்த சாதம், சாம்பார், ரசம், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம். வெந்த சாதம் மட்டும் 400 கிராம் என்று வைத்தால் அதில் மாவுச்சத்து 110 கிராமுக்கு மேல். நம் உடம்பில் ஓடும் ரத்தம் முழுவதிலும் சேர்த்து இருக்கும் குளுக்கோஸ் ஏறக்குறைய 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி. அடுத்த இரண்டு மூன்று மணி நேரத்தில் அந்த ஒரு தேக்கரண்டி வழியாக நூறு கிராமுக்கு மேல் கடந்துபோக வேண்டும். கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. குளுக்கோஸில் பெரும்பங்கை ஏற்க வேண்டியது தசை. தசைகள் அதைக் கிளைகோஜனாக அடுக்கி வைக்கும். உடல் முழுவதும் சேர்ந்து 400, 500 கிராம் வரை வைக்க இடமுண்டு. கல்லீரலில் இன்னொரு நூறு கிராம். ஆனால் தசையில் வைத்ததை அந்தத் தசை மட்டுமே எடுத்துச் செலவழிக்க முடியும். வேறெங்கும் அனுப்ப முடியாது. சாப்பிட்டவர் நாற்காலிக்கே திரும்புகிறார். நேற்றைய கிளைகோஜன் அப்படியே இருக்கிறது. இன்றைக்கு வந்தது எங்கே போகும்?

யேல் பல்கலைக்கழகத்தில் ஜெரால்ட் ஷுல்மன், கிட் பீட்டர்சன் குழுவினர் காந்த அதிர்வு முறையில், தசையைக் கீறாமலே, உயிருள்ள மனிதரின் தசைக்குள் குளுக்கோஸும் கொழுப்பும் ஏடிபியும் என்ன ஆகின்றன என்று பார்த்தார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்தவர்கள் தொப்பை விழுந்தவர்கள் அல்லர். சர்க்கரை நோய் உள்ள பெற்றோருக்குப் பிறந்த, ஒல்லியான, இளம் வயதினர். இன்னும் சர்க்கரை ஏறாதவர்கள். 2004இல் வந்த முடிவின்படி, அவர்களில் இன்சுலினுக்கு மசியாதவர்களின் தசை குளுக்கோஸை எடுப்பது ஏறக்குறைய 60 சதவீதம் குறைவு. தசைச் செல்லுக்குள் கொழுப்பு 80 சதவீதம் கூடுதல். மைட்டோகாண்ட்ரியா ஏடிபி உண்டாக்கும் வேகம் 30 சதவீதம் குறைவு. எரியாமல் நின்ற கொழுப்பிலிருந்து வரும் டைஅசில்கிளிசரால் என்ற இடைப்பொருள், இன்சுலின் செல்லுக்குள் அனுப்பும் தகவலைப் பாதியில் முறிக்கிறது என்பது ஷுல்மனின் விளக்கம். செராமைடு என்ற இன்னொரு கொழுப்பைக் குற்றம் சாட்டும் குழுக்களும் இருக்கின்றன. எது முதன்மை என்ற வாதம் ஓயவில்லை. மைட்டோகாண்ட்ரியா முதலில் தளர்ந்ததா, எரிபொருள் மிஞ்சியதால் தளர்ந்ததா என்பதும் அப்படித்தான்.

என்னைக் கேட்டால், இந்த வாதத்தில் தெளிவு தருவது ஓட்டக்காரர்கள்தான். நெடுந்தூரம் ஓடிப் பழகியவர்களின் தசையில் கொழுப்புத் துளிகள் சர்க்கரை நோயாளிகளின் தசையில் இருப்பதைப் போலவே நிறைய இருக்கின்றன. ஆனாலும் அவர்கள் உடல் இன்சுலினுக்கு மிக நன்றாக மசிகிறது. பிரெட் குட்பாஸ்டர் குழு 2001இல் காட்டிய இந்த முரணுக்கு ‘தடகள வீரரின் முரண்பாடு’ என்றே பெயர். கொழுப்பு அங்கே இருப்பதல்ல சிக்கல். ஓட்டக்காரரின் தசையில் இன்று சேர்ந்தது நாளை எரிகிறது. உட்கார்ந்திருப்பவரின் தசையில் சேர்ந்தது சேர்ந்தபடி கிடக்கிறது.

தசை கதவடைத்தால் கல்லீரலின் தலையில் விடிகிறது. அதே யேல் குழு 2007இல் இன்னொன்று செய்தது. இரண்டு வகை இளைஞர்கள், எல்லோரும் ஒல்லி, வயிற்றுக்குள் கொழுப்பும் இரு தரப்பிலும் ஒரே அளவு. ஒரே வேறுபாடு, ஒரு தரப்பின் தசை இன்சுலினுக்கு மசியவில்லை. இரு தரப்புக்கும் மாவுச்சத்து நிறைந்த ஒரே உணவைக் கொடுத்தார்கள். தசை மசியாதவர்களின் கல்லீரல் அந்தக் குளுக்கோஸைக் கொழுப்பாக மாற்றியது இரு மடங்குக்கு மேல். ரத்தத்தில் டிரைகிளிசரைடு 60 சதவீதம் கூடுதல், எச்டிஎல் 20 சதவீதம் குறைவு. நமக்கு வழக்கமாக வரும் லிப்பிட் ரிப்போர்ட் இதுவேதான். எண்ணெய்ப் பலகாரத்தைத் தொடவே இல்லை, எப்படி டிரைகிளிசரைடு 250 வந்தது என்று கேட்பவர்களுக்கு இந்த ஆய்வில் பதில் இருக்கிறது. அந்தக் கொழுப்பில் கணிசமான பங்கு தட்டில் சாதமாக வந்தது.

மற்ற எண்களும் இங்கிருந்தே கிளைக்கின்றன. கல்லீரல் கட்டி அனுப்பும் டிரைகிளிசரைடு, ரத்தத்தில் எச்டிஎல் துகளோடு பண்டமாற்று செய்கிறது. அதில் எச்டிஎல் சிறுத்துச் சீக்கிரம் வெளியேற்றப்படுகிறது. கல்லீரலே கொழுத்துவிட்டால் அதுவும் இன்சுலின் சொல்வதில் ஒரு பகுதியைக் காதில் வாங்குவதில்லை. சர்க்கரை உற்பத்தியை நிறுத்து என்பதை விட்டுவிடுகிறது. கொழுப்பைச் செய் என்பதை மட்டும் தட்டாமல் செய்கிறது. இரவு முழுவதும் பட்டினி கிடந்தும் காலையில் சுகர் 120 காட்டுவது இதனால்தான். கணையம் இன்னும் கூடுதலாக இன்சுலினைச் சுரக்கிறது. சிறுநீரகம் மட்டும் இன்சுலினுக்கு மசிந்தே இருக்கிறது. கூடுதல் இன்சுலினுக்குக் கீழ்ப்படிந்து உப்பைத் தக்கவைக்கிறது. பிரஷர் ஏற அதுவும் ஒரு காரணம்.

வெள்ளைச் சர்க்கரைக்கு இங்கே தனி இடம் தர வேண்டும். அதில் பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ். குளுக்கோஸ் உடைபடும் பாதையில் ஒரு காவல் இருக்கிறது: செல்லில் ஏடிபி நிறைந்திருந்தால் பாஸ்போஃப்ரக்டோகைனேஸ் என்ற நொதி வேகத்தைக் குறைத்துவிடும். ஃப்ரக்டோஸ் அந்தக் காவலைத் தாண்டி நுழைகிறது. கல்லீரலில் அதைப் பிடிக்கும் நொதிக்கு நிறுத்தும் வழக்கமே இல்லை. வந்த ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு ஏடிபியைச் செலவிட்டுப் பாஸ்பேட்டை ஒட்டிக்கொண்டே போகும். இனிப்புப் பானத்தை ஒரே மூச்சில் குடித்தால் கல்லீரல் செல்லில் சற்று நேரம் ஏடிபியே குறைந்துபோகும். சிதைந்த ஏடிபியின் மிச்சம் யூரிக் அமிலமாகிறது. ஃப்ரக்டோஸோ கொழுப்பாகும் பாதைக்கு நேராகப் போய்ச் சேருகிறது. வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் எல்லாவற்றிலும் இந்த ஃப்ரக்டோஸ் இருக்கிறது. தாதுச்சத்து கொஞ்சம் கூடுதல் என்பது உண்மை. கல்லீரலுக்கு அதனால் பெரிய ஆறுதல் கிடையாது. நாட்டுச் சர்க்கரை காபி ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கை இன்று வீடு வீடாகப் பரவியிருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கலிஃபோர்னியாவில் ராபர்ட் லஸ்டிக், ஜீன்-மார்க் ஷ்வார்ஸ் குழுவினர் உடல் பருத்த, இனிப்பு அதிகம் உண்டு பழகிய 41 சிறார்களுக்கு ஒன்பது நாள் ஃப்ரக்டோஸைக் குறைத்துப் பார்த்தார்கள். கலோரி குறையவில்லை, எடுத்த சர்க்கரைக்கு ஈடாக மாவுச்சத்து கொடுத்தார்கள். கல்லீரல் கொழுப்பின் நடுமதிப்பு 7.2 சதவீதத்திலிருந்து 3.8 ஆனது. ஒப்பிட வேறு குழு இல்லாத சிறிய ஆய்வுதான். ஆனாலும் ஒன்பதே நாளில் கல்லீரல் இவ்வளவு அசைந்து கொடுத்தது கவனிக்கத் தக்கது. முழுப் பழத்தைக் கடித்துத் தின்பவர்கள் கவலைப்பட வேண்டாம். நாரோடு மெல்ல மெல்ல வரும் சிறு அளவு ஃப்ரக்டோஸில் பெரும்பகுதியைச் சிறுகுடலே கையாண்டுவிடுவதை எலிகளில் கண்டிருக்கிறார்கள். நாலு ஆரஞ்சைப் பிழிந்து ஒரு டம்ளரில் குடிப்பது வேறு கதை.

இவ்வளவையும் படித்தவருக்கு ஒரு கேள்வி எழும். ஐரோப்பியர்கள் நம்மைவிடப் பருமனாக இருக்கிறார்களே, நமக்கு ஏன் ஒல்லியாக இருக்கும்போதே இது வருகிறது? நெல் விளைந்து குவிந்த வீடுகளில், குதிர் நிறைந்தபின் மிஞ்சிய நெல் தாழ்வாரத்திலும் கூடத்திலும் வந்து குவியும். குதிர் பெரிதாக இருந்த வீட்டில் அந்த நெருக்கடி தெரியாது. தோலுக்கடியில் இருக்கும் கொழுப்புத் திசு உடலின் குதிர். அது நிறைந்தபின் வழிவதுதான் கல்லீரலுக்கும் தசைக்கும் கணையத்துக்கும் போய்ச் சேருகிறது. பிறவியிலேயே கொழுப்புத் திசு இல்லாமல் பிறக்கும் மனிதர்கள் மிக அரிதாக இருக்கிறார்கள். எலும்பும் தசையுமாகத் தெரியும் அவர்களுக்குக் கடுமையான சர்க்கரை நோயும், மிக உயர்ந்த டிரைகிளிசரைடும், கொழுத்து வீங்கிய கல்லீரலும் இருக்கும். இதன் மறுபக்கத்தை டெக்சாஸில் பிலிப் ஷெரர் குழு 2007இல் காட்டியது. கொழுப்புத் திசு வளர்ந்துகொண்டே போகும்படி மரபணு மாற்றிய எலிகள் முன்னைவிடப் பெருத்தன; ரத்தச் சர்க்கரையோ சீரானது. கல்லீரலில் கிடந்த கொழுப்பு தோலடிக்கு இடம் மாறியிருந்தது.

நம்முடைய குதிர் சிறிது. 2004இல் லான்செட் இதழில் இரண்டு மருத்துவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் படம் ஒன்று வெளிவந்தது: புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனின் ஜான் யுட்கின். இருவருக்கும் உடல் எடைக் குறியீடு 22.3, எந்த அட்டவணையிலும் இருவரும் ஒல்லி. உடலில் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். யாஜ்னிக் இதைப் பிறப்பிலேயே தேடினார். புனேயைச் சுற்றியுள்ள கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. இந்தியக் குழந்தையிடம் குறைந்திருந்தது பெரும்பாலும் தசையும் உள்ளுறுப்புகளும். முதுகில் கிள்ளி அளந்த கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. எரிக்கும் தசை குறைவாகவும், பாதுகாப்பாக வைக்கும் இடம் குறுகியும் பிறக்கிறோம். யேல் குழு ஒல்லியான இளைஞர்களை ஒப்பிட்டபோதும் இந்திய வம்சாவளி ஆண்களிடம் இன்சுலினுக்கு மசியாமை மூன்று நான்கு மடங்கும், கல்லீரல் கொழுப்பு இரு மடங்கும் இருந்தது. ‘ஆள் ஒல்லிதானே, சுகர் எப்படி வந்தது’ என்ற வியப்பை நாம் இனியாவது விட வேண்டும்.

இப்படிப் பிறந்த உடம்புக்கு நாம் என்ன ஊட்டுகிறோம்? சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் ஐசிஎம்ஆரும் நாடு முழுவதும் நடத்திய கணக்கெடுப்பு 2023இல் வெளிவந்தது. சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி, அதன் வாசலில் நிற்பவர்கள் 13.6 கோடி. அதே ஆய்வின் உணவுப் பகுதி 2025இல் வந்தது: இந்தியர்களின் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. காலையில் இட்லி, மதியம் சாதம், சாயங்காலம் டீயோடு பிஸ்கட்டோ பஜ்ஜியோ, ராத்திரி தோசை. பக்குவம் வேளைக்கு வேளை மாறினாலும் பொருள் ஒன்றுதான். சுகர் வந்தவர்கள் செய்யும் முதல் காரியம் ராத்திரிச் சாப்பாட்டைச் சப்பாத்திக்கு மாற்றுவது. அந்த ஆய்வு அதையும் பார்த்திருக்கிறது: மொத்த மாவுச்சத்து குறையாமல் அரிசிக்குப் பதில் கோதுமையோ சிறுதானியமோ வைப்பதால் மட்டும் ஆபத்து குறைந்ததாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கைப் பருப்பு, பால் போன்றவற்றின் புரதத்துக்கு மாற்றியவர்களிடம் குறைந்திருந்தது. தினையும் சாமையும் வரகும் நல்ல தானியங்கள். நார் உண்டு, நம் மானாவாரி நிலத்துக்கு ஏற்றவை. ஆனாலும் நூறு கிராமில் 60, 70 கிராம் மாவுச்சத்துதான். தினைப் பொங்கலை வயிறு முட்டச் சாப்பிட்டால் தசைச் செல்லுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. நான் சொல்லக்கூடிய மாற்றம் எளிமையானது: சாதத்தைப் பாதியாக்கி, அந்த இடத்தில் கூட்டும் பொரியலும் சுண்டலும் முட்டையோ மீனோ வரட்டும். தொட்டுக்கொள்ள இருந்தவை சாப்பாடாகட்டும்.

கொழுப்பைக் குறைப்பதா, மாவைக் குறைப்பதா என்ற சண்டைக்கு இங்கே அதிக இடம் தேவையில்லை. ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டோபர் கார்ட்னர் 609 பேரை இரண்டாகப் பிரித்து ஓராண்டு பார்த்தார். எடைக் குறைவில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. இரு தரப்பையும் சர்க்கரையையும் மைதாவையும் விடச் சொல்லியிருந்தார்கள். அதைவிட முக்கியமாக நான் கருதுவது கெவின் ஹாலின் 2019ஆம் ஆண்டு ஆய்வு. 20 பேரை அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் பாக்கெட் உணவு வகைகளும் இரண்டு வாரம் சமைத்த உணவும் கொடுத்தார். பரிமாறிய சர்க்கரையும் கொழுப்பும் நாரும் ஒரே அளவு. வேண்டிய மட்டும் சாப்பிடலாம். பாக்கெட் உணவில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது. அவர்களை யாரும் வற்புறுத்தவில்லை. மனவுறுதி இல்லாதவர்கள் என்று பருத்தவர்களைக் குறை சொல்வது எவ்வளவு அநியாயம் என்பதற்கு இந்த ஆய்வே சாட்சி.

இனிச் செலவுப் பக்கம். தசை சுருங்கும்போது ஏடிபி சிதைகிறது. ஏஎம்பிகே என்ற நொதி ஆற்றல் குறைவதை உணர்ந்து விழித்துக்கொள்கிறது. குளுக்கோஸை உள்ளே விடும் புரதம் செல்லின் மேற்பரப்புக்கு வருகிறது. இதற்கு இன்சுலின் தேவையே இல்லை. இன்சுலினுக்கு மசியாத தசையும் உழைப்புக்கு மசிகிறது. யேல் குழு 2011இல், தசை மசியாத இளைஞர்களை ஒரே ஒருமுறை 45 நிமிடம் உடற்பயிற்சி செய்யவைத்து, பிறகு மாவுச்சத்து உணவு கொடுத்தது. குளுக்கோஸ் தசைக்குத் திரும்பியது. கல்லீரல் அதைக் கொழுப்பாக்கும் வேகம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. எடை ஒரு கிராம்கூட இறங்குவதற்கு முன்பே நடந்த மாற்றம் இது. சென்னையில் ஏ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரையின் வாசலில் நின்ற 531 பேரைப் பின்தொடர்ந்து 2006இல் வெளியிட்ட முடிவில், உணவுத் திருத்தமும் நடையுமாக வாழ்ந்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்திருந்தது. அவர்களுடைய எடையில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை.

வழிந்த கொழுப்பைத் திரும்ப வற்றவைக்க முடியுமா? நியூகாசிலின் ராய் டெய்லர் 2011இல் பதினொரு சர்க்கரை நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 600 கலோரி என்று எட்டு வாரம் கொடுத்தார். ஏழே நாளில் வெறும் வயிற்றுச் சர்க்கரை இயல்புக்கு வந்தது. கல்லீரல் கொழுப்பு அந்த வாரத்திலேயே வேகமாக இறங்கியிருந்தது. கணையத்தின் கொழுப்பு மெதுவாக, எட்டு வாரத்தில் இறங்கியது. அதோடு இன்சுலின் சுரப்பும் மீண்டது. பிறகு ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்திலும் 306 பேரை வைத்து நடந்த டைரக்ட் ஆய்வில், குறைந்த கலோரி உணவு எடுத்தவர்களில் 46 சதவீதம் பேருக்கு ஓராண்டு முடிவில் மாத்திரை இல்லாமல் சர்க்கரை அளவு சீராக இருந்தது. 15 கிலோவுக்கு மேல் இறக்கியவர்களில் 86 சதவீதம். இரண்டாம் ஆண்டில் மொத்தக் கணக்கு 36 சதவீதமானது. எடை திரும்பியவர்களுக்குக் கல்லீரல் கொழுப்பும், அதன் பின்னே சர்க்கரையும் திரும்பின. இந்த உணவுமுறையை மருத்துவர் துணையில்லாமல் யாரும் தொடங்கக் கூடாது. இன்சுலினோ, கணையத்தைத் தூண்டும் மாத்திரையோ எடுத்துக்கொண்டிருப்பவர் திடீரென்று உணவைக் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.

டைரக்ட் ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் எல்லோரும் நோய் கண்டு ஆறு ஆண்டுக்குள் வந்தவர்கள். காலம் கடந்தவர்களின் கணையம் அவ்வளவு எளிதாக மீள்வதில்லை. இங்கேதான் லண்டன் அரசு ஊழியர்களைப் பல்லாண்டு பின்தொடர்ந்த ஒயிட்ஹால் ஆய்வின் கண்டுபிடிப்பு நமக்கு உதவுகிறது. சர்க்கரை நோய் என்று முத்திரை விழுவதற்கு ஏறக்குறைய ஐந்து ஆண்டுக்கு முன்பே அவர்களின் உடல் இன்சுலினுக்கு மசிவது செங்குத்தாகச் சரியத் தொடங்கியிருந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரை வேகமாக ஏறியதோ கடைசி மூன்று ஆண்டில். இடையில் இருந்த காலத்தில் கணையம் கூடுதலாக உழைத்து அதை மறைத்துவைத்திருந்தது. அந்தக் காலத்தில் சுகர் டெஸ்ட் நார்மல் என்றுதான் வரும். பக்கத்து வரியில் டிரைகிளிசரைடு 180, எச்டிஎல் 36, ஸ்கேனில் முதல் நிலை ஃபேட்டி லிவர், பேன்ட் அளவு இரண்டு ஆண்டில் 32இலிருந்து 36 என்று இருந்தால், மருத்துவரிடம் பேச வேண்டிய நேரம் அதுவே. சாதத்தைக் குறைக்கவும் சாப்பிட்டபின் நடக்கவும் தொடங்க வேண்டிய நேரமும் அதுவே.